நூறு கிராமுக்கு இரண்டு கிராம் குறைவு

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் எதையும் கைவிடவில்லை. பெருமாநல்லூரில் பனியன் வெட்டியதுபோக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் மூட்டை சுமந்தவன், பன்னிரண்டு நிட்டிங் மெஷின் போட்டேன். மாடி வீடு கட்டினேன். கரண்ட் இல்லாத நாளிலும் ஆர்டரை முடித்து அனுப்பினேன். என் பனியனைப் போட்டுக்கொண்டு எந்தெந்தத் தேசத்திலோ வெள்ளைக்காரர்கள் தூங்குகிறார்கள். அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் மனைவியின் நகையைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் காத்திருந்தேன். நானே சொல்லிவிடுகிறேன்; மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சம். எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு நிதிக் கம்பெனி, ‘தங்க ஓய்வுக் கணக்கு’ என்று அறிவித்தது. குறைந்தது நூறு கிராம் தங்கம் வைத்தால், அறுபது வயதுக்குமேல் மாதாமாதம் பணம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று; வயதான காலத்தில் மருமகனிடம் கை நீட்டக் கூடாது என்பது என் வைராக்கியம். சேர அன்றுதான் கடைசி நாள். மனைவி தெய்வானையின் நகைகளை (என் நகைகள் என்றுதான் ஊரில் சொல்லியிருந்தேன்) மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏசி. மெத்தை நாற்காலி. உட்கார்ந்ததும் கண் சொக்கியது. கணியூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு (நான் வாங்காத தோப்பு). கயிற்றுக் கட்டில். பக்கத்தில் வாய்க்கால் சத்தம். நிட்டிங் ஷெட்டில் வெயில் விழும்போது பஞ்சுத்தூசி மிதக்குமே, அதுபோலப் பொன்தூசி வானத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்குகிறது. நெஞ்சில் படிகிறது, மீசையில் படிகிறது. தட்டிவிட மனமில்லாமல் கிடக்கிறேன். மருமகன் வரப்பில் நின்று, “மாமா, ஒரு அஞ்சாயிரம் கெடைக்குமுங்களா?” என்கிறார். நான் பதில் சொல்ல அவசரப்படவில்லை.

“ஏனுங்க, வாயை மூடுங்க. கூப்புடறாங்க,” என்று தெய்வானை இடித்தாள்.

தராசுக்குப் பின்னால் நகை எடை பார்ப்பவர், திருநெல்வேலிக்காரர். “தொண்ணூத்தெட்டுதான் இருக்கு ஐயா. ரெண்டு கிராம் கொறையுது.”

“இதென்னங்க பெரிய கொறை? எங்க தொழில்ல நூத்துக்கு மூணு ஷார்ட்டேஜ் போனாலும் வெள்ளக்காரனே பேசாம எடுத்துக்குவானுங்க.”

“பனியன் கொறைஞ்சா தொப்புள் தெரியும் ஐயா. தங்கம் கொறைஞ்சா என் வேலைல்லா போயிரும்?”

மூன்று மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். பத்து நிமிடம் கேட்டு, பையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். வேஸ்ட் வியாபாரத்தில் வளர்ந்தவன் நான். மழைக்காலத்தில் மூட்டை ஈரம் குடிக்கும், எடை ஏறும். (நான் தண்ணீர் ஊற்றியதில்லை. மழை வந்தால் மூட்டையை உள்ளே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.) தோப்பிலிருந்து இன்னும் முழுதாகத் திரும்பாத என் புத்திக்கு, தங்கத்துக்கும் அதுவே கணக்கு என்று பட்டது.

வாஷ்பேசினை நிரப்பி நகைகளை விட்டேன். ஆரம் தண்ணீர்ப் பாம்பாக நெளிந்தது. வளையல்கள் அடியில் கெண்டைகளாக மின்னின. நன்றாகக் குடிக்கட்டும் என்று விரலால் அலசிக்கூடக் கொடுத்தேன். தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, அப்புறம் கறுத்தது. அதையும் வாய்க்கால் பார்ப்பதுபோல ரசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எடை பார்ப்பவர் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத் தராசில் வைத்தார்.

“என்ன ஐயா இது! தொண்ணூத்தேழரைக்கு எறங்கிட்டு!”

இருபது வருடத்து மஞ்சள், சீயக்காய், வேர்வை எல்லாம் இதுவரை தங்கம் என்ற பெயரில் எடை காட்டியிருக்கிறது. அரை கிராமை நானே கழுவி விட்டிருந்தேன்.

“கழுவுனீங்களா?” என்றாள் தெய்வானை.

“எடை ஏறுமுன்னு நெனச்சேன்.”

“அதென்ன பஞ்சுங்களா?”

கவுண்டர் முழுக்கச் சிரித்தது. மணி மூன்றாகப் போகிறது. தென்னைகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருந்தன. தெய்வானை சிரிக்கவில்லை. காதிலிருந்த தோடுகளைக் கழற்றித் தராசில் வைத்தாள். எண் நூறைத் தாண்டியது.

“கணக்கு யாரு பேர்லம்மா?”

“என்ற பேர்லதானுங்க. நகை என்னுதுங்களே.”

நான் நாமினி ஆனேன்.

இன்றும் தூறல் விழுந்தால் மகள் கேட்கிறாள்: “அப்பா, நகையை எடுத்து வாசல்ல வெக்கட்டுங்களா?” மருமகன் புரையேறச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவரிடம் இதுவரை ஒரு பைசா கேட்டதில்லை. தெய்வானையிடம்தான் கேட்கிறேன்.

ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு (அவர்களுக்கு நான் அப்புச்சி, தெய்வானை அம்மாயி) ஒன்று சொல்லிவைக்கிறேன். திட்டத்தைக் கண்டுபிடித்தவன் நான். கூட்டிப்போனவன் நான். வெறுமனே ‘அம்மாயி பென்ஷன்’ என்று சொன்னால் இனி எனக்குக் காது கேட்காது. ‘அப்புச்சி கூட்டீட்டுப் போய் வாங்கிக் குடுத்த அம்மாயி பென்ஷன்’ என்று முழுசாகச் சொல்லுங்கள், கண்ணுகளா.