நீலக் கூடாரத்துச் சாமான்

கூடாரத்தின் கூரையில் மழைத் தண்ணீர் தேங்கி, துணி தொப்பை போட்டுத் தொங்கியது. கிடங்கு சூப்ரவைசராக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவர் நம்ம ஆள். மலை மலையாக மூட்டைகளைக் கட்டி மேய்த்தவரை ஒரு துணிக் கூடாரம் என்ன செய்துவிடும்? துடைப்பக் கட்டையால் கீழிருந்து ஒரு தள்ளு தள்ளினார். தையல் பிரிந்து மொத்தத் தண்ணீரும் அவர் தலையிலும் சாமான்கள் மேலும் கொட்டியது.

இத்தனைக்கும் பார்த்துப் பார்த்து வாங்கியது. வீட்டில் அடைசல் தாங்கவில்லை, கொல்லையில் ஒரு கூடாரம் போடலாம் என்று அவர் மனைவிதான் ஆரம்பித்தாள். கடையில் இவர் துணியை நகத்தால் சுரண்டினார், தையலை இழுத்தார், குழாய்களைத் தட்டினார்.

"சார், நீங்க பாக்கற பார்வையில துணிக்கே கூச்சமா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"ஜன்னல் வச்சது எடுங்க" என்றாள் மனைவி.

"சாமானுக்கு எதுக்குடி ஜன்னல்?"

"அதுக்கும் மூச்சு முட்டும்ல?"

காற்றோட்டம் இருந்தால் பூஞ்சை பிடிக்காது. கிடங்கு சாஸ்திரப்படி சரிதான் என்று இவரும் தலையாட்டினார்.

நனைந்த சாமான்களை வெளியே காய வைத்துவிட்டு, உள்ளே துடைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மடக்கு நாற்காலியில் சற்று உட்கார்ந்தார்.

அட, என்ன சுகம்! வெயில் நீலத் துணி வழியாக இறங்கி, உள்ளே எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நீலமாக அசைந்தது. இலைகளின் நிழல்கள் மீன்களாகக் கூரையில் நீந்தின. குக்கர் விசில்கூட எங்கோ வேறு உலகத்திலிருந்து வந்தது. தன் கை தன்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தவர், அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

எழுந்தபோது, சாமான்களைத் திரும்ப உள்ளே வைக்க மனசே வரவில்லை. மனைவி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாக வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்க் கட்டிலுக்கடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் திணித்தார். தெரிந்தால் என்ன ஆகும்? காலிக் கூடாரம் எதற்கு என்று மடித்து மூலையில் போட்டுவிடுவாள். அந்த நீலத்தை இழக்க அவர் தயாராக இல்லை.

அதனால் கூடாரத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார். பிரிந்த தையலில் பசை தடவினார், தூசியை ஈரத்துணியால் துடைத்தார், கயிறுகளை இழுத்துக் கட்டினார். கேட்டால், "சாமான் பத்திரமா இருக்கணும்ல!"

ஒருநாள் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, கூடாரத்துல இருக்கற டேபிள் ஃபேனை எடுத்துட்டு வாங்களேன்."

டேபிள் ஃபேன் கட்டிலுக்கடியில் அல்லவா இருக்கிறது! கூடாரத்தின் முன் ஜிப்பைத் திறந்து நுழைந்தார். பின் ஜிப்பைத் திறந்து வெளியேறினார். வீட்டைச் சுற்றி ஓடி, வாசல் வழியாகப் பூனைபோல் நுழைந்து, ஃபேனை இழுத்து, வந்த வழியே ஓடி, கூடாரத்தின் முன்வாசல் வழியாக ராஜாவாக வெளியே வந்தார்.

"என்னங்க, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்குது?"

"உள்ள சாமான் நெறைய இல்ல? புழுக்கம்."

"பாவம்" என்றவள், "அப்படியே இஸ்திரிப் பெட்டியும்" என்றாள்.

அடுத்து குடை. அதற்கடுத்து ஏணி. ஏணியோடு ஓடியதில் பூந்தொட்டி ஒன்று காலி.

அந்த வாரக் கடைசியில் காற்று கிளம்பியது. உள்ளே கனமாக எதுவும் இல்லாததால் கூடாரம் அவரையும் நாற்காலியையும் விட்டுவிட்டு எழும்பப் பார்த்தது. பாய்ந்து, ஒரு கயிற்றைத் துணி காயும் கம்பத்தில் கட்டினார். கம்பம் சாய்ந்தது. படுக்கை விரிப்புகள் பறந்தன. இவர் கூடாரக் குழாயைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார்.

மனைவி ஓடி வந்தாள். தன் பக்கம் பறந்து வந்த விரிப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். முன்பக்கத் துணி முழுசாகத் தூக்கிக்கொண்டு படபடத்தது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு தலையணை, ஒரு தண்ணீர்ச் செம்பு. அவ்வளவுதான்.

குழாயை விடாமலே சொன்னார்: "சாமானெல்லாம் வீட்டுக்குள்ளதான் இருக்கு. நானே சொல்லணும்னு... இதை மட்டும் பிரிச்சிடாத."

மனைவி கயிற்றை எடுத்து மாமரத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். பிறகு நாற்காலியை நிமிர்த்தி, தலையணையைத் தட்டி வைத்தாள். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு கேட்டாள்: "எங்க வீட்டுக்காரரும் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறாரு, அக்கா. சாமான் வைக்கறதுக்குன்னு சொன்னா அவரும் இப்படி நம்பி உள்ள போயிடுவாரா?"