மீசையை எடுத்துவிட்டு விமானம் ஏறப் போனவன்

சத்தியம், சத்தியம், மூன்றாம் தடவையும் சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். அப்படி ஏதாவது உதிர்ந்தால் அது வயசுக் கோளாறு. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் குடியிருக்கிறான். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவன். வீட்டில் மட்டும் அவனுடைய பொத்தானை அமுக்குவது அவன் வீட்டுக்காரி. அவளுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. எப்பேர்ப்பட்ட ஆளையும் வாயைத் திறக்க வைத்துவிடுவாள்.

இவர்களுக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. செல்லப் பெயர் உடும்புக்குட்டி. காரணம் அப்பனுடைய மீசை. அதென்ன சாமானிய மீசையா? இந்த முனையில் ஒரு காக்கையும் அந்த முனையில் ஒரு காக்கையும் உட்கார்ந்து சண்டை போடலாம். நடுவில் மூக்கு பஞ்சாயத்து பண்ணும். அதைப் பிடித்துக்கொண்டால்தான் உடும்புக்குட்டிக்குத் தூக்கம் வரும். பிடித்தால் பிடித்ததுதான். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து ஊருக்குப் போய்வந்ததற்கே அவன் கழுத்து ஒரு வாரம் இடது பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டது. எதிரே வந்தவர்களெல்லாம் தங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று கோபித்துக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில் கடல் தாண்டி ஒரு பயணம் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற அவளுடைய அக்கா, குழந்தையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். மெக்கானிக் பயந்துபோனான். விமானத்தை நினைத்து இல்லை. மேலே போவதும் இறங்குவதும் அவனுக்குப் பிழைப்பு. பத்து மணி நேரம் உதட்டில் ஒரு உடும்பு தொங்குமே என்ற பயம். லிஃப்டில் மாட்டியவர்கள் அகால வேளையில் எல்லாம் எழுப்பி எழுப்பி, அவன் ஒரு முழுத் தூக்கம் தூங்கியே வருஷமாகிறது. அந்தப் பத்து மணி நேரத்தைத் தூங்கியே தீர்ப்பது என்று சபதம் போட்டான்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். இவன் இரண்டில் ஒன்றைத் துணிந்து விட்டான். கிளம்புகிற அன்று காலையில் குளியலறைக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இழுப்பு!

வெளியே வந்தவனைப் பார்த்து அவள் கையிலிருந்த பால் பாட்டில் நழுவியது.

"என்னங்க இது! மூக்குக்குக் கீழ ஒண்ணுமே இல்ல?"

"பிளேடு வழுக்கிடுச்சும்மா. ஒரு பக்கம் போயிடுச்சு. ஒத்தை மீசையோட எப்படி வெளிநாடு போறது? அதான் அடுத்த பக்கத்தையும்..."

"ம்ம்."

"குழந்தை இனிமே என்கிட்ட வராதுன்னு நினைக்கிறேன். பாவம், நீதான் பிளேன்ல வெச்சுக்கணும்."

"ம்ம்."

அந்த இரண்டு 'ம்ம்'மிலேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. குழந்தை அவனைப் பார்த்து வீறிட்ட வீறலில் குஷியாகிவிட்டான்.

விமான நிலையம். பையைச் சோதிக்கிற இடத்தில் பால் பாட்டில்களை எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

"எல்லாத்தையும் திறந்து பார்ப்பாங்களாம், நேரமாகும். நீங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு பாஸ்போர்ட் வரிசையில நில்லுங்க, பின்னாலயே வந்துடறேன்" என்றாள்.

"என்கிட்டயா? கத்துமே!"

"பெத்த அப்பாதானே? போங்க."

கத்தியது. அறிவிப்புச் செய்துகொண்டிருந்த பெண் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு யார் தன்னோடு போட்டி போடுவது என்று எட்டிப் பார்த்தாள். இவன் "கண்ணு, அப்பாடா" என்று கொஞ்சினான். அது இன்னும் மோசம். தெரிந்த குரல் தெரியாத முகத்திலிருந்து வந்தால் பெரியவர்களுக்கே குலை நடுங்கும். குழந்தை அவன் மூஞ்சியை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தாவப் பார்த்தது.

வரிசை நகர்ந்து அவன் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அதிகாரியம்மா. பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"படத்துல மீசை இருக்கே?"

"இருந்துச்சு மேடம்."

"இப்ப எங்க?"

"வாஷ்பேசின்ல போயிடுச்சு."

"குழந்தை ஏன் இப்படி அழுது?"

"பசி மேடம்."

"பசிக்கு அழுற குழந்தை மூஞ்சியைத் தள்ளாதே சார். அம்மா எங்க?"

"பால் பாட்டில்ல மாட்டிக்கிட்டா."

"என்னது?"

"பாட்டிலுக்குள்ள இல்ல மேடம்! சோதனைல!"

"குழந்தை பிறந்த தேதி சொல்லுங்க."

அவசரத்தில் வாயில் வந்த தேதியைச் சொன்னான். அது ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு அவன் கயிறு மாற்றிய தேதி. அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். பேனாவைக் கீழே வைத்தால் விவகாரம் பெரிசு என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற காவலரைக் கூப்பிட்டார்.

வந்தாரய்யா காவலர். ஆறடி உயரம். அதில் அரையடி மீசை.

சட்டென்று அழுகை நின்றது. அவ்வளவு பெரிய கூடத்தில் குண்டூசி விழுந்தால் கேட்கும். உடும்புக்குட்டி ஒரே தாவலில் காவலர் தோளுக்குப் போய், இரண்டு கையாலும் அந்த மீசையைப் பற்றிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னது.

"ப்பா!"

"மேடம், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று அலறினார் காவலர். "எனக்கு இருக்கிறது ரெண்டும் காலேஜ் போகுது!"

மெக்கானிக் திருதிருவென்று விழித்தான். குப்புற விழுந்தவன்கூட மீசையில் மண் ஒட்டவில்லை என்று சமாளிப்பான். இவனுக்கு அதற்கும் வழியில்லை. விமானம் போனால் போகட்டும். பெற்ற பிள்ளையை இன்னொருத்தன் தோளில் விட்டுவிட்டு, 'பிள்ளை பிடிக்கிறவன்' என்ற பெயரோடு உள்ளே போகவேண்டி வருமோ? கூட்டத்துக்கு மேலே எக்கி எக்கி அவளைத் தேடினான்.

ஆடி அசைந்து வந்து சேர்ந்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது, மீசையை மட்டும் விடவில்லை.

அதிகாரியம்மா கேட்டார்: "குழந்தை உங்களுதுதான், தெரியுது. இவர் யாரும்மா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு மேடம்."

"அடியே! விளையாடற நேரமா இது!"

"குரல் எங்க வீட்டுக்காரர் குரல்தான். ஆனா அவர் என்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு. இவரு ஏதோ பிளேடு வழுக்கிடுச்சுன்னு சொன்னாரே?"

ஒலிபெருக்கி அவர்களுடைய விமானத்துக்குக் கடைசி அழைப்பு விட்டது.

"சொல்லிடுங்க. வலிக்காது" என்றாள் அவள், பல் டாக்டர் கிளினிக் தோரணையில். "மீசையை எதுக்கு எடுத்தீங்க?"

வாய் திறந்துகொண்டது.

"பிள்ளை என்கிட்ட வராம இருக்கத்தான்! பிளேன்ல தூங்கணும்னுதான்! நீயே பத்து மணி நேரமும் வெச்சுக்கணும்னுதான்! போதுமா?"

வரிசை மொத்தமும் கேட்டது. பின்னால் நின்ற ஒருவர் தன் மீசையைத் தடவினார்; மனைவி முறைத்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"இவர்தான் மேடம் எங்க வீட்டுக்காரர். இப்ப நல்லா அடையாளம் தெரியுது."

"சரிம்மா. ஆனா குழந்தை எங்க ஆளை விடமாட்டேங்குதே?"

அவள் கைப்பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்தாள். நட்டநடுக் கூடத்தில் அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மூக்குக்குக் கீழே வரைய ஆரம்பித்தாள். அதிகாரியம்மா பாஸ்போர்ட் படத்தோடு ஒப்பிட்டு, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று யோசனை சொன்னார். உடும்புக்குட்டி இரண்டு மீசையையும் மாறி மாறிப் பார்த்தது. கடைசியில் பெரிய மனசு பண்ணி அப்பனிடம் வந்தது. காவலர் மீசையைத் தடவிப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்தபின் மூச்சு விட்டார். முத்திரை விழுந்தது.

விமானம் மேலே ஏறியது. வரைந்த மீசை பிடிபடுமா? எனவே உடும்புக்குட்டி மேலுதட்டையே கொத்தாகப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. பக்கத்து இருக்கையில் அவள் போர்வையை உதறிப் போர்த்திக்கொண்டாள்.

"உனக்கு எக்க தெரிஞ்சுது?" என்றான் அவன். உதடு கட்டுக்குள் இல்லாததால் 'ப' எல்லாம் 'க' ஆகிவிட்டது.

"காலைலயே. பிளேடு வழுக்கினா ஒரு கீறல்கூடவா விழாது?"

"அக்குறம் ஏன் அவ்ளோ நேரம் வரல? காட்டில் சோதனையா?"

"அதெல்லாம் அப்பவே குடுத்துட்டாங்க. தூணுக்குப் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவன் பெருமூச்சு விட்டு இருக்கையில் சாயப் போனான். அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"சாயாதீங்க, மீசை கலைஞ்சிடும். இறங்கின இடத்துலயும் கேப்பாங்க."

இவ்வளவுதான் நடந்தது. உங்களுக்கு யார் சொன்னது என்று அவன் கேட்டால், அன்றைக்கு வரிசையில் நின்றவர் யாரோ என்று சொல்லிவிடுங்கள். ஏகப்பட்ட பேர் நின்றார்கள். பழியை அவர்களே பங்கு போட்டுக்கொள்ளட்டும். என்னை நீங்கள் பார்க்கவே இல்லை.