லீவ் ரெஜிஸ்டருக்குப் போட்ட பூட்டு

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டு ஏணியில் ஏறுவதில்லை என்று சபதம் எடுத்தேன். ராணிப்பேட்டையிலுள்ள அந்த வீட்டுக்கு வருஷாவருஷம் டிசம்பரில் சுண்ணாம்பு அடிப்பது மூத்த மருமகன் சத்தியநாதனின், அதாவது என்னுடைய, ஊழியம். இந்த வருஷம் டிவியில் கிரிக்கெட். "லீவே இல்ல" என்று மனைவி ஃபீபியிடம் சொல்லிவிட்டேன். இருந்தது எட்டு நாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் இன்சார்ஜ். ஃபீபியும் அங்கேதான், ஷிப்பிங் செக்‌ஷனில். லீவ் ரெஜிஸ்டர் இருப்பதோ எல்லாரும் திறக்கும் ஷேர் ஃபோல்டரில். அவள் பார்த்தால் நான் தொலைந்தேன்.

காலையில் ஃபோல்டருக்குள் போய், 'எல்லாருக்கும் அனுமதி மறுப்பு' என்று ஒரு டிக் போட்டேன். எனக்கு மட்டும் தனியாக அனுமதி கொடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கு மறுப்பு என்றால் மறுப்புதான். போட்டவனையும் வெளியே தள்ளிவிட்டது.

கன்டெய்னரோடு அனுப்ப வேண்டிய பேக்கிங் லிஸ்ட்டும் அதே ஃபோல்டரில்தான் என்பது பத்தாவது நிமிஷம் ஞாபகம் வந்தது. மேனேஜர் அமீர் பாஷா ஓடிவந்தார்.

"சத்யா, இன்னா பேஜார் இது? யாருக்கும் லாகின் ஆவல. கன்டெய்னர் கேட்ல நிக்குது!"

"பாஸ்வேர்ட் கோளாறு சார்."

அவர் பின்னாலேயே நின்றார். டிக்கை எடுத்தால் மாட்டிக்கொள்வேன். பாஸ்வேர்டை ஆறு தடவை அடித்தேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ஃபீபி வந்தாள்.

"காலையில ஒம்பது மணிக்கு நல்லா தெறந்துச்சேங்க?"

"வைரஸா இருக்கும்மா."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு மேனேஜரிடம், "சார், டிரைவர் கெளம்பிடப் போறான். நீங்க போய் புடிச்சி வைங்க" என்றாள். அவர் நகர்ந்தார். நான் டிக்கை எடுத்தேன். எல்லா டேபிளிலும் ஃபோல்டர் திறந்தது. கன்டெய்னர் கிளம்பியது. மேனேஜர் திரும்பி வந்தார்.

"சபாஷ் சத்யா! இன்னா வேணும், கேளு."

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபீபி முந்திக்கொண்டாள். "இவருக்கு எவ்ளோ லீவ் பாக்கியோ அவ்ளோவும் குடுத்திடுங்க சார்."

"எட்டு நாள் இருக்கே! எடுத்துக்கப்பா."

சாயங்காலம் வீடு திரும்பும் ரயிலில் ஃபீபியிடம் மெல்லக் கேட்டேன். "ரெஜிஸ்டரை எப்போ பார்த்தே?"

"நான் எங்க பார்த்தேன்? லீவ் இல்லாதவரு எதுக்குங்க அதைப் பூட்டப்போறாரு?"

எட்டு நாளும் ஏணியில் நின்றேன். ஸ்கோரை மட்டும் மாமியார் கீழேயிருந்து சொன்னார்.