எய்வின்ட் ஏற்ற பொறுப்பு

பெர்கன் துறைமுகத்தில் பயணிகள் படகு ஓட்டும் எய்வின்டுக்கு, தண்ணீர் தன் பேச்சைக் கேட்கும் என்று நினைப்பு. ஐந்து வயது மகள் சூன்னிவா தினமும் படுக்கையை நனைப்பதை ஒரே மாதத்தில் நிறுத்திக் காட்டுவதாக ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தான். மாலை நாலு மணிக்கு மேல் குடிக்க ஒரு சொட்டுக் கிடையாது. நனையாத நாளுக்குச் சுவரில் ஒரு நட்சத்திரம்.

மனைவி ராக்னில் ரொட்டிமேல் பாலாடைக்கட்டியைச் சீவியபடி கேட்டாள்.

"முழுப் பொறுப்பும் உன்னோடதா?"

"என்னோடதுதான்."

"அப்ப விரிப்புத் துவைக்கிறதும் உன்னோடது."

முதல் வாரம் ஏழு விரிப்பு துவைத்தான். அடுத்த வாரமும் ஏழு. மழை ஓயாத அந்த ஊரில் எதுவும் காயவில்லை. சுவரில் ஒரு நட்சத்திரமும் உதிக்கவில்லை. அவன் அசரவில்லை, நாலு மணியை மூணாக்கினான்.

பதினைந்தாம் நாள் காலையில், ஹீட்டருக்குப் பின்னால் ஈரக் கவுன் ஒன்று சுருட்டிச் செருகியிருந்தது. அப்பாவுக்குப் பயந்து மகள் ஒளித்தது. தோழி வீட்டில் இரவு தங்கும் பிறந்தநாள் விழாவுக்கும் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். எய்வின்ட் அந்தக் கவுனைத் தானே துவைத்துப் போட்டான். அன்றே மூவரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.

இதில் பிள்ளையின் தப்பு எதுவுமில்லை என்றாள் அங்கிருந்த நர்ஸ். மூத்திரப்பை நிறைந்த சேதி ஆழ்ந்த தூக்கத்தில் எட்டுவதில்லை; வளர வளரச் சரியாகும். பகலில் தாராளமாகக் குடிக்கட்டும், சாயங்காலம் அளவாக. படுக்குமுன் கழிப்பறை. மலச்சிக்கல் வராமல் பார்க்க வேண்டும். அதட்டல் கூடவே கூடாது. பெரும்பாலும் பெற்றோரில் ஒருவருக்கும் இது இருந்திருக்கும் என்றும் சொன்னாள்.

"எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது," என்றான் எய்வின்ட், மனைவியைப் பார்த்தபடி.

ராக்னில் நாத்தனார் போர்கில்டுக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்து விஷயத்தைக் கேட்டாள்.

"எய்வின்டா? ஒன்பது வயசு வரைக்கும்," என்றது அக்காவின் குரல்.

சூன்னிவா அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். "தினமுமாப்பா?"

பொய் நாக்குநுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"தினமும்தான், கண்ணு."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறந்தநாளுக்குப் போகிறேன் என்றாள்.

வெளியே வந்ததும் அவன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டான். "உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்தன்னிக்கே. உங்க அக்கா நமக்கு ரப்பர் விரிப்பு பரிசாக் கொடுத்தாளே, எதுக்குன்னு நெனச்ச?"