காளிச்சாமியின் காலைக் காத்து

"ஆக்டோபஸுக்கு மூணு இதயமுங்க! நமக்கு ஒண்ணே ஒண்ணுதான் குடுத்திருக்குது, அதையும் நாம..."

"ஏனுங்க! தண்ணி வந்துருச்சு! அந்த அண்டாவச் சித்த நகத்துங்க! காலுக்குக் கீழ குடம் இருக்குது, பாத்து!"

டமால்!

காளிச்சாமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கையிலிருந்த போன் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பதிவு செய்துகொண்டிருந்தது. "...அதையும் நாம ஒழுங்கா உபயோகிக்கறதில்லீங்க," என்று அவசரமாக முடித்து, அனுப்பிவிட்டுத்தான் குடத்துக்குள்ளிருந்து காலை எடுத்தார்.

காளிச்சாமி பகலில் முதலமடை மாங்காய் மண்டியில் காய் தரம் பிரிக்கிறவர். காலையில் அவர் வேறு ஆள். விடிந்ததிலிருந்து மண்டிக்குக் கிளம்பும்வரை 'மாந்தோப்பு நண்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில் துண்டு துண்டாகக் குரல் பதிவு போட்டுக்கொண்டே இருப்பார். முதலில் ஒரு பொது அறிவுத் தகவல். அடுத்தது வானிலை. அவர் வீடு மேட்டில், ஊர்த் தண்ணித்தொட்டியை ஒட்டின முதல் வீடு. அங்கே நின்றால் நெல்லியாம்பதி மலையிலிருந்து மீன்கரை அணைவரை வானம் மொத்தமும் தெரியும். வானிலை சொல்ல இதைவிட என்ன தகுதி வேண்டும்? கடைசியாகச் சொந்தச் சிந்தனை. "மனுசன் கண்ணாடியப் பாத்தா மட்டும் ஏனுங்க வயித்த உள்ள இழுக்கறான்?" என்கிற மாதிரி. இதற்கெல்லாம் சேர்த்து 'காலைக் காத்து' என்று பெயரும் வைத்திருந்தார்.

ஊர் இதைக் கேட்டது! அதுதான் அதிசயம். அனுப்பிய கையோடு நீல டிக் விழும். கட்டைவிரலும் கும்பிட்ட கையும் வந்து குவியும். ஒரு நாள் பல்வலியென்று அவர் பேசாமல் இருந்ததற்கு, என்ன ஆச்சு ஏது ஆச்சு என்று வீட்டு வாசலுக்கே ஆள் வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து காளிச்சாமி கொஞ்சம் தலையை நிமிர்த்தித்தான் நடந்தார்.

இப்போது அதற்கும் மேலே ஒன்று நடந்திருந்தது. பாலக்காட்டில் புதிதாகத் தொடங்கப்போகிற ஒரு சின்ன ரேடியோவிலிருந்து அன்சிலா என்கிற பெண் கூப்பிட்டிருந்தாள்.

"சார், உங்க குரல் அருமையா இருக்கு. ஆனா பின்னாடி ஒரே இரைச்சல். பாத்திரம், சேவல், அப்புறம் யாரோ ஒரு அம்மா. இந்த வாரம் சத்தமே இல்லாம பேசிப் பழகுங்க சார். ஞாயித்துக்கிழமை நானே வர்றேன், கேக்கறவங்களப் பாத்துப் பேசறேன். ஜனங்க நிஜமாவே காத்திருந்து கேக்கறாங்கன்னு தெரிஞ்சா, தினமும் காலையில அஞ்சு நிமிஷம் உங்களுக்குத்தான்."

ரேடியோ! அன்றைக்கு மண்டியில் காளிச்சாமி பங்கனப்பள்ளியை அல்போன்சா பெட்டியில் அடுக்கினார். முதலாளி திட்டினபோது சிரித்தார்.

அந்த 'யாரோ ஒரு அம்மா'தான் இப்போது அண்டாவோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள கற்பகம், நான் பேசி முடிக்கறவரைக்கும் உன்னால வாய மூடிட்டு இருக்க முடியாதா? ரேடியோவுல இரைச்சல்ங்கறாங்க!"

"தண்ணி உங்க ரேடியோ நேரம் பாத்தா வருது? ஒரு நாள் விடியால வருது, ஒரு நாள் இட்டிலி வெந்தப்புறம் வருது. வந்தாலும் சித்த நேரம்தான். நீங்க போயி வேற எங்காச்சும் நின்னு பேசுங்க."

"ரேஞ்சு இந்தக் குழாயடியிலதானே கெடைக்குது!"

"அப்ப அண்டாவத் தூக்குங்க."

மறுநாள் காளிச்சாமி ஒரு முடிவோடு எழுந்தார். நேரே போய் மர அலமாரிக்குள் புகுந்து, கற்பகத்தின் சேலைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு மொத்தத்தையும் ஒரே மூச்சில் பேசினார். முந்திரி மரமும் மாமரமும் ஒரே குடும்பம் என்ற தகவல். மேகம் இல்லை என்ற வானிலை. பங்காளிச் சண்டை மரத்துக்குள் இல்லை, மனுசனுக்குள்தான் என்ற சிந்தனை. பாச்சை உருண்டை வாசத்தில் தும்மல் வந்தபோதுகூட மூக்கை ஒரு பட்டுச் சேலைக்குள் புதைத்துச் சமாளித்தார். வெளியே வந்து குழாயடியில் நின்று அனுப்பினார். போட்டுக் கேட்டால் ஒரு காக்காய் சத்தம்கூட இல்லை! கிணற்றுக்குள் கடவுள் பேசுகிற மாதிரி இருந்தது.

நீல டிக் விழுந்தது. கட்டைவிரல் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மளிகைக்கடை ஐசும்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது. "இன்னிக்கு அவ்வளவுதானா?"

அதன் கீழேயே மண்டி லாரி ஓட்டும் ஷபீர்: "அண்ணா, மீதி எங்கண்ணா?"

காளிச்சாமிக்குப் புல்லரித்துவிட்டது. மீதி கேட்கிறார்கள்! ஜனங்களுக்கு இது பத்தவில்லை! மறுநாள் அலமாரிக்குள் இரண்டு மடங்கு நேரம் உட்கார்ந்தார். ஈ காலால்தான் ருசி பார்க்கும் என்றார். சில ஆமைகள் பின்பக்கத்தாலும் மூச்சு விடும் என்றார். வியர்வை ஊற்ற ஊற்ற மனித வாழ்க்கையை ஆமையோடு ஒப்பிட்டு நெடுநேரம் பேசினார்.

அன்றைக்குக் கும்பிட்ட கைகூட வரவில்லை. மூன்று பேர் குழுவை விட்டே வெளியேறியிருந்தார்கள்.

மண்டியில் ஷபீரைப் பிடித்தார். ஷபீர் தலையில் நேற்றைய புழுதி அப்படியே இருந்தது. சட்டையும் நேற்றையதுதான்.

"ஏப்பா ஷபீரு, உண்மையச் சொல்லு. காலைக் காத்து எப்படி இருக்குது?"

ஷபீர் லாரிச் சக்கரத்தைப் பார்த்தார். அந்த ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். மனதில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்வதற்குப் பதில் லாரிக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். "நல்லாத்தானுங்ண்ணா இருக்குது. ஆனா... பழைய மாதிரி இல்லீங்களே."

"எது கொறையுது? தகவலா, வானிலையா, சிந்தனையா?"

"அது வந்துங்ண்ணா..." ஷபீர் புழுதித் தலையைச் சொறிந்தார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. பழையபடி வந்தாப் போதுமுங்க."

வானிலைதான்! காளிச்சாமிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மாம்பழக் காலம் முழுக்க 'மேகம் இல்லை, மேகம் இல்லை' என்று சொன்னால் யாருக்குத்தான் அலுக்காது? அடுத்த நாள் வானத்தைப் பார்த்தார். மலைக்கு மேலே, ஒரு கைக்குட்டை அளவுக்கு வெள்ளையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் அடைமழை இருக்குதுங்க!" என்று அலமாரிக்குள்ளிருந்து முழங்கினார். "குடம், குண்டா, பக்கெட்டு, எது இருந்தாலும் எடுத்து வெளிய வைங்க!"

ஐயோ, அதற்கு வந்த வரவேற்பை என்னவென்று சொல்வது! கட்டைவிரல் மழையே பொழிந்தது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் குடமும் அண்டாவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஐசும்மா கடையிலிருந்த எண்ணெய் டின்னைக்கூடக் கழுவி வைத்திருந்தார். இத்தனை நம்பிக்கையா நம்மேல் என்று காளிச்சாமிக்குக் கண் கலங்கியது. மண்டி முதலாளியும் நம்பித்தான் திறந்தவெளியில் கிடந்த காய்க் குவியலைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடச் சொன்னார்.

வெயில் என்றால் வெயில், அப்படியொரு வெயில். ஒரு பொட்டுத் தூறல் இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் மாங்காய் புழுங்கிக் கருத்தது.

"டேய் காளி," என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு. "உன்ற வானத்த உன்ற ஊட்டோட வெச்சுக்க. இங்க கொண்டாந்து விரிக்காத."

குழுவிலிருந்து இன்னும் ஒரு கூட்டம் வெளியேறியது. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. இரவு சாப்பாடு காளிச்சாமிக்கு இறங்கவில்லை. தகவல் எடுபடவில்லை, வானிலை காலை வாரிவிட்டது, மிச்சம் இருப்பது சிந்தனை ஒன்றுதான். ஜனங்களுக்கு வீட்டு விஷயம் என்றால் கொள்ளை ஆசை. ஆகவே வெள்ளிக்கிழமை மனம்விட்டுப் பேசினார்.

"இந்த வாரம் பூரா ஊட்டுல சத்தமில்லாத எடத்துல உக்காந்து பேசறனுங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, பொண்டாட்டி சத்தம் காதுல உழாத நேரம் இருக்குது பாருங்க, அதுதானுங்க சொர்க்கம்!"

இதைக் கற்பகம் கேட்டது ஐசும்மா கடையில், பருப்பு வாங்க நின்றபோது. ஐசும்மாவின் போனிலிருந்து புருசன் குரல் சொர்க்கத்தை வர்ணித்தது. கற்பகம் பருப்பைக்கூட வாங்காமல் திரும்பிவிட்டாள்.

அதோடு வாயை மூடியவள்தான். சோறு போட்டாள், பேசவில்லை. குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. "உப்புக் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிப் பார்த்தார். உப்பு ஜாடியையே இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆனாலும் காளிச்சாமிக்கு மனசின் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பழையபடி வந்தாப் போதும் என்று ஷபீர் சொன்னானே! இனி பழையபடி குழாயடியிலேயே நின்று பேசலாம், இரைச்சலும் இருக்காது. இதுவல்லவா அதிர்ஷ்டம்!

சனிக்கிழமை விடிகாலையில் குழாயடியில் நின்று துண்டு துண்டாகப் பேசினார். முதல் துண்டிலேயே சேவல் கூவியது. உடனே குழு விழித்துக்கொண்டது. "வந்துட்டாருங்க!" என்றார் ஐசும்மா. "பழைய எடமுங்கோவ்!" என்றார் ஷபீர். கட்டைவிரல்கள் பாய்ந்து வந்தன. காளிச்சாமி உற்சாகத்தில் துள்ளித் துள்ளிப் பேசினார்.

அவருக்குப் பின்னால் கற்பகம் பூனைபோல் வந்தாள். குழாய் வாயில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினாள். குடத்தில் தண்ணீர் மூச்சுக் காட்டாமல் இறங்கியது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தரையில் கால் படுகிற சத்தம்கூட இல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

காளிச்சாமி மண்டிக்குக் கிளம்புகிறபோது குழுவில் பாதிப் பேர் இல்லை. இருந்தவர்களில் ஒருவர் ஒற்றை வார்த்தை அனுப்பியிருந்தார். "துரோகம்."

அவர் ஆடிப்போய்விட்டார். மிச்சமிருந்தவர்களுக்குக் கெஞ்சிக் கேட்டு ஒரு பதிவு போட்டார். "நாளைக்கு ரேடியோவுல இருந்து வர்றாங்கங்க. இது என்ற வாழ்க்கைப் பிரச்சனை. எல்லாரும் வாசகசாலைக்கு வந்து, மனசுல இருக்கறத அப்படியே சொல்லிப்போடுங்க. வெளிய போனவங்களையும் கூட்டியாங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறனுங்க."

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் நிற்க இடமில்லை. குழுவை விட்டுப் போனவர்களும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் குடம். பூரண கும்ப மரியாதை தரத்தான் ஏற்பாடு போலிருக்கிறது என்று காளிச்சாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். குடமெல்லாம் காலியாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கடைசி வரிசையில் கற்பகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அன்சிலா அசந்துபோனாள். "இத்தனை பேரா! சார், நீங்க பெரிய ஆளுதான்!" காளிச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் மைக்கை முதல் வரிசையில் ஷபீரிடம் நீட்டினாள். "தினமும் கேப்பீங்களாண்ணா?"

"ஒரு நாள் உடாம கேட்டமுங்க. மொதல்ல எல்லாம் இதுக்காகவே காத்துக் கெடப்போமுங்க."

"எது ரொம்பப் பிடிக்கும்? தகவலா?"

"தகவலும்... நல்லாத்தானுங்க இருக்கும்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன், ஞாபகம் இருக்கறது."

ஷபீர் கூரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் தரையைப் பார்த்தார். "ஏதோ ஒரு ஜீவனுக்கு மூணு... மூணு என்னமோ இருக்குதுங்க," என்று யாரோ பின்னாலிருந்து உதவிக்கு வந்தார்.

"வானிலை?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"அப்போ சிந்தனையா?"

இந்தமுறை எல்லோரும் மெல்லத் திரும்பிக் கற்பகத்தைப் பார்த்தார்கள். கற்பகம் ஜன்னலைப் பார்த்தாள்.

அன்சிலாவின் புருவம் சுருங்கியது. மைக் கொஞ்சம் தாழ்ந்தது. கைக்கு எட்டின ரேடியோ நழுவுவது காளிச்சாமிக்குத் தெரிந்தது. பொறுக்கமாட்டாமல் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மரியாதையெல்லாம் பாக்காதீங்க சாமி! நான் என்ன தப்புப் பண்ணுனேன்? பழைய காலைக் காத்துல இருந்தது எது, இப்ப இல்லாமப் போனது எது? யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லுங்க!"

கடைசியில் ஐசும்மா காலிக் குடத்தை ணங்கென்று தரையில் வைத்துவிட்டு முன்னால் வந்து, அன்சிலாவின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"ரேடியோவுல பேச ஆளு வேணும்னா கற்பகத்தக் கூட்டிட்டுப் போ கண்ணு! தொட்டியில இருந்து மொதத் தண்ணி வர்றது அவ ஊட்டுக்கு, அவ 'தண்ணி வந்துருச்சு'ன்னு போடற ஒத்தச் சத்தத்துக்காகத்தான், இத்தன நாளா இவரு பேசறத ஊரே பொறுத்துக்கிட்டு இருந்துச்சு!"