சிரிப்புக்கு விட்ட இடம்

தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் என்றொரு ரகம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வாக்கியம் பேசுவார், நிறுத்துவார், புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பாவம், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கப் போனால் அது உங்கள் தலையெழுத்து. அவர் கேப் விடுகிறார்.

கேப் என்றால் என்ன என்கிறீர்களா? படப்பிடிப்பில் யாரும் சிரிப்பதில்லை. விளக்குக்காரர் கொட்டாவி விடுவார், கேமராக்காரர் முதுகு சொறிவார். சிரிப்பெல்லாம் பிறகு சவுண்டுக்காரர் பொத்தானை அமுக்கிச் சேர்ப்பது. அதற்கு இடம் விட்டுப் பேசுவதுதான் தொழில். நம்மவர் இருபது வருஷமாக விட்டு விட்டு, வீட்டிலும் வெளியிலும் விட ஆரம்பித்தார். உப்புக் குறைச்சல் என்பார், நிறுத்துவார். பல் டாக்டரிடம் வலிக்கிற பல்லைக் காட்டிவிட்டு, வாயைத் திறந்தபடியே நிறுத்துவார். வீட்டில் விடுகிற கேப்பில் அவர் மனைவி துணியை மடித்து வைத்து, அக்காவுக்குப் போன் பேசிவிட்டு வந்து, "ம், அப்புறம்?" என்பாள். சிரிப்பு மட்டும் வராது. ஊரே சிரிக்கிற மனுஷனுக்கு வீட்டில் ஒரு செருமல்கூட விழவில்லையென்றால் வயிறு எரியுமா, எரியாதா?

இப்படியிருக்க, மகள் ஒருநாள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து, கட்டினால் இவனைத்தான் என்று நின்றாள். யாரென்று பார்த்தால் சாட்சாத் அந்தச் சவுண்டுக்காரன்.

"பொத்தான் அமுக்குற பயலுக்கா என் பொண்ணு? முடியாது" என்றார் நம்மவர். பழக்கதோஷம், நிறுத்தினார்.

அவனுக்கும் பழக்கதோஷம்தானே? கேப்பைக் கண்டதும் கை பரபரத்தது. பொத்தான் இல்லை. வாயாலேயே சிரித்துவிட்டான். முதலில் முன்வரிசைப் பெண்மணி மாதிரி, அடுத்து ஒரு தடித்த ஆசாமி மாதிரி, கடைசியில் அரங்கம் மொத்தமும் சிரிக்கிற மாதிரி. தன் கல்யாணம் இத்தோடு ஒழிந்தது என்று மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

நம்மவர் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முடியாது என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். கைதட்டலோடு சிரிப்பு. என் பொணத்தைத் தாண்டித்தான் இந்தக் கல்யாணம் என்றார். பின்வரிசைத் தாத்தாவுக்குப் புரையேறியது. உட்கார்ந்து மறுத்தார், நின்று மறுத்தார், உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து மறுத்தார். கடைசியில் பையனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"சரிங்க சார், நான் கிளம்பறேன்" என்று எழுந்தான்.

நம்மவர் ஓடிவந்து வழியை மறித்தார். "எங்க கிளம்பற?"

"நீங்கதான் முடியாதுன்னுட்டீங்களே."

நம்மவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வீட்டோட மாப்பிள்ளையா இருப்பியா?"

கல்யாணம் நடந்தது. இப்போது அந்த வீட்டில் யாரும் தொடர்ந்து பேசுவதில்லை. கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு, மாமியாரே மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கிறாள்.

பைத்தியக்காரக் குடும்பம் என்கிறீர்கள். இருக்கட்டும். நேற்றுச் சாப்பிடும்போது நீங்கள் ஏதோ ஒன்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்களே, அது என்னவாம்?

நான் சொல்லி முடித்துவிட்டேன். நிறுத்தியும் விட்டேன்.

ம்?