ஆயில் குடிக்காத வண்டி

இன்ஜினுக்கு ஏற்ற ஆயிலை மெக்கானிக் தேர்ந்தெடுக்கிறார் என்றொரு மூடநம்பிக்கை படித்தவர்களிடம்கூட நிலவிவருகிறது. வருத்தத்துடன் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஆயிலைத் தேர்ந்தெடுப்பது படிவம் ஏழு.

அலுவலகக் கார் ஓட்டுநருக்கு இந்த ஞானம் வாய்த்தபோது அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. கார் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்து, நீலப் புகையாகத் திருப்பித் தரும். அவரும் கெட்டி ஆயிலாகப் பார்த்து ஊற்றி, குறையக் குறைய நிரப்பி, படுக்கையில் விழுந்த மாமனாரைக் கவனிப்பதுபோல் கவனித்துவந்தார். பாசம் மட்டும் காரணமில்லை. வண்டி இனி உதவாதென்று கழிக்கப்பட்டால் அதன் ஓட்டுநர் பணியிடமும் அன்றே கழிக்கப்படும் என்பது விதி. எட்டு மாதம் அது மூச்சுவிட்டாக வேண்டும்.

புதிதாக வந்த அதிகாரி நாகரிகம் அறிந்தவர். அவருக்குக் கைப்பேசி, மூக்குக்கண்ணாடி, சாப்பாடு எல்லாமே மெலிந்திருக்க வேண்டும். இப்போது வரும் கார்கள் தண்ணீர் போன்ற ஆயிலில் ஓடுவதாக எங்கோ படித்தார். பிறந்தது படிவம் ஏழு: இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் ஓடிய வாகனங்களுக்கு மெல்லிய ஆயில், இடையில் நிரப்புதல் அறவே கூடாது.

தன் கிழட்டு வண்டி தப்பியது என்று ஓட்டுநர் நிம்மதியாக இருந்தார், கிடங்கு எழுத்தர் வந்து மீட்டரைப் பார்க்கும்வரை. அந்த மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான்.

"பன்னெண்டாயிரம். புது வண்டிண்ணே உங்களுது."

"யோவ், மூணு முறை முழுசா சுத்திட்டு வந்து நிக்குதுய்யா அது."

"சுத்துனதுக்கு அத்தாட்சி எதாவது இருக்கா?"

அத்தாட்சியாக இன்ஜினை முடுக்கிக் காட்டினார். முற்றம் நீலமானது. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவந்தார்.

"நீங்க அதைக் கெழவனாவே நெனைக்கிறீங்க. அதான் அதுவும் இருமுது."

"மெல்லிசு ஊத்தினா ஒரு மாசம் தாங்காது சார்."

"தாங்காதுன்னு எழுத படிவத்துல எடமில்லையே."

மெல்லிய ஆயில் ஊற்றப்பட்டது. பத்தொன்பதாம் நாள், அலுவலக வாசலில், இன்ஜின் கடைசியாக ஒரு சத்தம் போட்டு இறுகிப்போனது. மெக்கானிக் ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். சுத்தமாகத் துடைத்துவைத்ததுபோல் இருந்தது.

தன் வேலையும் போயிற்று என்று ஓட்டுநர் சாவியை எடுத்து நீட்டினார். ஆனால் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரே ஓடிய வண்டியைக் கழிக்க யாருக்கும் அதிகாரமில்லை. கைவசம் புத்தம்புது கார் இருப்பதால் அதிகாரிக்கு வேறு வண்டியும் கிடையாது. அவர் பேருந்தில் தொங்கியபடி வந்துபோனார். ஓட்டுநர் தினமும் பத்து மணிக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இருக்கையில் அமர்ந்து, ஐந்து மணிக்கு இறங்கினார்.

மாதக் கடைசியில் எழுத்தர் அறிக்கையோடு வந்தார்.

"ஆயில் எவ்வளவுண்ணே குடிச்சிருக்கு?"

"செத்தது எங்கடா குடிக்கும்?"

"அப்ப ஒண்ணும் குடிக்கலன்னு எழுதிக்கிறேன். ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஓட்டுநர் பேனாவைப் பிடித்தபடி காரைப் பார்த்தார். மிச்சமிருந்த ஏழு மாதத்தை மனசுக்குள் எண்ணினார். போட்டார்.

மாதம் நாலு லிட்டர் குடித்துவந்த வண்டி மெல்லிய ஆயிலுக்கு மாறியதும் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை என்ற செய்தி மேலிடத்தை நெகிழவைத்தது. அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

மறுவாரம் ஊரிலிருந்த மூன்று தீயணைப்பு வண்டிகளிலும் பழைய ஆயிலை வடித்துவிட்டு, மெல்லிய ஆயில் ஊற்றினார்கள்.